ஒரு மூடி மண் தண்ணீர்

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு கண்ணையன் வெளியே வந்தபோது, அவர் முகத்தைப் பார்த்ததுமே பரிமளா எழுந்து நின்றுவிட்டாள். உள்ளே போகும்போது மாட்டிவிட்ட பச்சை அங்கியைக் கழற்றித் தரக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அதோடேயே வந்து சுவரோரமாகக் குந்தினார். விழுப்புரத்துப் பெரிய ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில், ஐசியு என்று எல்லோரும் சொல்கிற அந்த அறையில், அவருடைய தம்பி துரைக்கண்ணு கிடந்தான். பரிமளாவின் புருஷன்.

"அவ்ளோதாம்மா," என்றார் கண்ணையன். "கண்ண ஒட்டிட்டாங்க. நாடி கட்டிட்டாங்க. கையையும் கட்டிப் போட்டுட்டாங்க. இதுக்கு மேல இன்னா இருக்குது?"

வல்லத்துக்குப் பக்கத்தில் இருந்த அவர்கள் காலனியில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் ஆள் அனுப்புவது கண்ணையனுக்குத்தான். கண்ணை மூடிவிடுவது, வாய் பிளந்துகொள்ளாமல் தாடையைத் தலையோடு சேர்த்துத் துணியால் நாடிக்கட்டுக் கட்டுவது, கட்டைவிரல்களைப் பிணைப்பது எல்லாம் அவர் கைதான். அழுகிறவர்களை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, செத்தவருக்கு வலிக்குமோ என்பதுபோல அவ்வளவு பதமாகச் செய்வார். அப்படிப்பட்ட மனிதர் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறார். தம்பியின் இமைகள் மேல் பிளாஸ்திரி. வாயில் செருகிய குழாய் நழுவாமலிருக்கக் கன்னத்தைச் சுற்றித் தலைக்குப் பின்னால் முடிந்த வெள்ளை நாடா. மருந்து ஏறுகிற கை அட்டையோடு சேர்த்துக் கட்டு. உயிர் போன பிறகு ஊரில் செய்கிற அத்தனையையும் இங்கே உயிர் போகும் முன்பே செய்து வைத்திருக்கிறார்கள். அவர் வேறென்னதான் நினைப்பார்? அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது?

"மூச்சு போய்க்கினுதான மாமா இருக்குது?" என்றாள் பரிமளா.

"மூச்ச அவன் வுடலம்மா. மிஷினு வுடுது."

அவளும் அதைத்தான் பார்த்திருந்தாள். வாய்விட்டுச் சொல்லாமல் வைத்திருந்தாள், அவ்வளவுதான்.

துரைக்கண்ணு வாழ்நாளெல்லாம் அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கியவன். அந்தப் பக்கத்தில் புன்செய் நிலத்தைக் கொல்லை என்றும் வேர்க்கடலையை மல்லாட்டை என்றும்தான் சொல்வார்கள். அவன் அப்பனுக்கும் சரி, அப்பனின் அப்பனுக்கும் சரி, காலடி மண்கூடச் சொந்தமாக இருந்ததில்லை. இவன் பெங்களூரில் கட்டட வேலை, திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் கரும்பு வெட்டு என்று அலைந்து திரிந்து, போன வருஷம்தான் நாற்பது சென்ட் நிலத்துக்குச் சொந்தக்காரன் ஆனான். காலனிக்காரர்கள் சும்மா விடுவார்களா? "இன்னா மிராசு, கொல்லைக்குக் கெளம்பியாச்சா?" என்று டீக்கடையில் வைத்துக் கலாய்ப்பார்கள். அவனும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஆமாண்டா, அங்க ஆளுங்க காத்துக்கினு கெடக்குறாங்க" என்பான். ஆளாவது ஒன்றாவது. அவனும் பரிமளாவும்தான். பிள்ளை இல்லாத வீடு அது. கொல்லை வந்த பிறகுதான் சாயங்காலத்தில் புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து பேசிக்கொள்ள ஒரு விஷயம் வந்தது.

அது முதல் வெள்ளாமை. பிடுங்கிக் குவித்த மல்லாட்டைச் செடியைக் காட்டுப்பன்றி நாசம் பண்ணிவிடும் என்று துரைக்கண்ணு கொல்லையிலேயே சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டான். விடிந்ததும் வீட்டுக்கு வந்தவன் வயிறு வலிக்கிறது என்றான். இமை பாதி சரிந்திருந்தது. நாக்குக் குழறியது. பரிமளா என்ன நினைப்பாள்? "வெள்ளாமை வூடு வந்து சேரல, அதுக்குள்ள குடிச்சிட்டு வந்து நிக்கிறியா?" என்று பிடித்துக்கொண்டாள். அவன் இல்லையென்று கையை ஆட்டினான். அவள் நம்பவில்லை. தெளியட்டும் என்று மோர் கரைத்துக் கொடுத்தாள். விழுங்க முடியாமல் மோர் வாயோரம் வழிந்த பிறகுதான் அவளுக்குப் பயம் பிடித்தது. கத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

திண்டிவனம் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "ராத்திரி தரையில படுத்தாரா?" என்பதுதான். கட்டுவிரியன் கடித்தால் வீக்கம் இருக்காது, கடித்த தடம்கூடச் சரியாகத் தெரியாது, தூங்குகிறவனுக்குக் கொசு கடித்தாற்போல இருக்கும் என்றார். விஷமுறிவு மருந்தை ஏற்றினார்கள். ஏற்றிக்கொண்டிருக்கும்போதே மூச்சு தேயத் தொடங்கிவிட்டது. தொண்டையில் குழாயை இறக்கி, ஆம்புலன்சில் போட்டு விழுப்புரத்துக்கு அனுப்பினார்கள். வழியெல்லாம் ஆம்புலன்ஸ்காரர் ஒரு ரப்பர் பையை அமுக்கி அமுக்கி அவனுக்கு மூச்சு கொடுத்துக்கொண்டே வந்தார். விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரிகள் விலகுவதற்குள் பரிமளாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அந்தக் கை ஓய்ந்தால் தன் புருஷனும் ஓய்ந்துவிடுவான் என்பது மட்டும் அவளுக்கு விளங்கியது.

ஐசியு அவள் நினைத்த மாதிரி இல்லை. டாக்டர்கள் ஓடிவந்து ஏதாவது பெரிய வைத்தியம் செய்து அவனை எழுப்பி உட்கார வைப்பார்கள் என்று எதிர்பார்த்தாள். அங்கே யாரும் ஓடவில்லை. திரையில் கோடு ஓடியது. மிஷின் புஸ்ஸென்று மூச்சை உள்ளே தள்ளியது. கட்டிலருகே ஒரு நர்ஸ் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். எதையோ திருகினாள், எதையோ துடைத்தாள், மறுபடியும் பார்த்தாள். ஆரோக்கியசெல்வி என்று பெயர். திண்டிவனத்துப் பக்கம் ஏதோ ஒரு கிராமத்துப் பெண், பரிமளாவைவிடப் பத்து வயதாவது சின்னவள்.

"இங்க இன்னா வைத்தியம் பண்றீங்க சிஸ்டர் அவருக்கு?" என்று பரிமளா முதல் நாளே கேட்டுவிட்டாள்.

"வெசத்துக்கு மருந்து ஏத்தியாச்சுக்கா. இனிமே நரம்பு தானா முழிச்சுக்கணும். அத யாராலயும் ஜல்தியா முழிக்க வெக்க முடியாது. அது வரைக்கும் அவரு மூச்ச நாங்க வாங்கி வெச்சிருக்கோம். எப்பத் திருப்பிக் கேக்கறாரோ அப்பக் குடுத்துடுவோம். இந்த ரூமே அதுக்குத்தான்."

"கேக்கலன்னா?"

"கேப்பாரு." நர்ஸ் போர்வையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள். "நீங்க பேசுங்கக்கா அவருகிட்ட. காது கேக்கும். இந்த வெசத்துல கை, காலு, கண்ணு எதுவும் அசைக்க முடியாது. ஆனா நெனவு இருக்கும்."

பரிமளா தலையாட்டினாள். நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்லத்தானே அவர்களுக்குச் சம்பளம் என்று நினைத்துக்கொண்டாள். அந்தப் பெண் அவனைப் புரட்டும்போது "அண்ணே, இந்தப் பக்கம் திருப்பறேன், பயப்படாதீங்க" என்றாள். வாய்க்குள் பஞ்சை விட்டுத் துடைக்கும்போது "கொஞ்சம் கசக்கும்ணே" என்றாள். பால்குடிப் பிள்ளையிடம் நாம் பேசுவதில்லையா, அந்த மாதிரிதான் இதுவும் என்று பரிமளா விட்டுவிட்டாள்.

அவளை வாட்டியது வேறொன்று. அந்த அறையில் அவள் கைக்கு ஒரு வேலையும் இல்லை. வீட்டில் அவன் காய்ச்சலில் படுத்தால் கேப்பைக்கஞ்சி காய்ச்சுவாள், காலைப் பிடித்துவிடுவாள், திட்டிக்கொண்டே தைலம் தேய்ப்பாள். இங்கே தொடுவதற்கு முன் கையைக் கழுவச் சொன்னார்கள், தொட்ட பிறகும் கழுவச் சொன்னார்கள். சாயங்காலத்தில் கொஞ்ச நேரம், ஒரே ஒரு ஆள், பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும். குடித்திருக்கிறான் என்று அவனைத் திட்டியதுதான் இந்தக் கையும் வாயும் அவனுக்குக் கடைசியாகச் செய்த உபகாரம். அதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு வெந்தது.

கண்ணையன் அன்றே டாக்டரைப் போய்ப் பார்த்தார். இனியவன் என்ற இளம் டாக்டர். பொறுமைசாலி.

"சார், மூச்சோட வூட்டுக்குக் கொண்டு போயிடறோம். வெளிய செத்த பொணத்த எங்க தெருவுக்குள்ள விடமாட்டாங்க. அவன் வாசல்ல அவன் படுக்கட்டும்."

"மெஷின எடுத்தா ஆஸ்பத்திரி வாசலக்கூடத் தாண்டமாட்டாருங்க. அவரு சாவறவரு இல்ல. கொஞ்சம் பொறுங்க."

"எப்ப சார் கண்ணு தொறப்பான்?"

"அத சொல்ல முடியாதுங்க. ஆளாளுக்கு வேறுபடும்."

சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னால் அதற்கு என்ன பொருள் என்பது காலனியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கண்ணையன் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். பஸ் ஏறி ஊருக்குப் போனார். மறுநாள் திரும்பி வந்தபோது மடியில் ஒரு இருமல் மருந்துப் பாட்டில் இருந்தது. நன்றாகக் கழுவிய பாட்டில். உள்ளே செம்பழுப்பாகத் தண்ணீர்.

"கொல்லையில சனி மூலையிலருந்து எடுத்தேன்," என்றார். "வேட்டியில ரெண்டு தடவ வடிகட்டிட்டேன். கல்லு கில்லு மாட்டிக்கக் கூடாது பாரு."

பரிமளாவுக்குப் புரிந்துவிட்டது. உயிர் போகாமல் இழுத்துக்கொண்டு கிடந்தால் என்ன ஆசையில் கிடக்கிறது என்று பார்ப்பார்கள். பிள்ளை மேல் ஆசை என்றால் பிள்ளை கையால் பால். மண் மேல் ஆசை என்றால் அவரவர் மண்ணைக் கரைத்து வாயில் ஒரு சொட்டு. போகிறவர் நிம்மதியாகப் போய்விடுவார். கண்ணையன் இப்படி எத்தனையோ பேரை அனுப்பிவைத்திருக்கிறார். அதைக் கொலை என்று யாரும் சொன்னதில்லை. கடைசி உபசாரம் என்றுதான் எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார்கள்.

"நீதாம்மா ஊத்தணும். பொண்டாட்டி கையால போனாதான் அடங்கும்." பாட்டிலை அவள் பக்கம் நீட்டினார். "மண்ணு மண்ணுன்னு கெடந்தான். அந்த மண்ணே அவன இப்படிப் பண்ணிடுச்சு. குழாயும் ஊசியுமா எத்தினி நாளைக்கும்மா அவனப் போட்டு வதைக்கறது? என்னால பாக்க முடியல."

பரிமளா பாட்டிலை வாங்கிக்கொண்டாள். கண்ணையனுக்குப் பயந்து வாங்கவில்லை. ஊருக்குப் பயந்தும் இல்லை. தன் கையால் அவனுக்குச் செய்ய ஒன்று கிடைத்ததே என்றுதான் வாங்கினாள். பின்னால் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்தபோதும் அவளுக்கு இதுதான் உண்மையாகப் பட்டது.

சாயங்காலம் அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். ஆரோக்கியசெல்வி அடுத்த கட்டில் பக்கம் திரும்பியிருந்தாள். பரிமளா அவன் காதருகே குனிந்தாள். நர்ஸ் சொன்னதற்காக இல்லை. ஊற்றும்போது சொல்லிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும், அது முறை.

"யோவ். உன் கொல்லை மண்ணுய்யா இது. உங்கண்ணன் கொண்டாந்தாரு." பாட்டிலைத் திருகித் திறந்தாள். "இன்னும் இன்னாத்துக்குய்யா இழுத்துக்கினு கெடக்குற? கொல்லைய நான் பாத்துக்கறேன். போயிடுய்யா. கஷ்டப்படாம போய்ச் சேரு."

பாட்டிலின் மூடியில் ஊற்றினாள். குழாய்க்கும் உதட்டுக்கும் நடுவில் இருந்த சந்தில் மூடியைச் சாய்த்தாள். பாதி உள்ளே போனது. பாதி கன்னத்தில் வழிந்து வெள்ளை நாடாவை நனைத்தது. அவன் இருமவில்லை, முகம் சுளிக்கவில்லை. மிஷின் முன்போலவே புஸ்ஸென்றது.

திரும்பிப் பார்த்த ஆரோக்கியசெல்விக்கு முதலில் கண்ணில் பட்டது அந்தப் பழுப்பு நாடாதான். ரத்தம் என்று நினைத்து ஓடிவந்தாள். அப்புறம்தான் பாட்டிலைப் பார்த்தாள்.

"இன்னா ஊத்துன? அக்கா, இன்னா ஊத்துன, சொல்லு! வெசமா?"

"எங்க கொல்லை மண்ணு."

நர்ஸுக்குப் பேச நேரமில்லை. உறிஞ்சு குழாயை எடுத்து அவன் வாய்க்குள் விட்டாள். மண் தண்ணீர் கண்ணாடிக் குழாயில் ஏறிப் போனதைப் பரிமளா பார்த்துக்கொண்டு நின்றாள். டாக்டர் வந்தார். இன்னொரு நர்ஸ் வந்தாள். அந்த அறையில் ஆள் ஓடிப் பார்க்க வேண்டும் என்று நினைத்தாளே, இப்போது ஓடினார்கள். அவளை யாரோ தோளைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டார்கள்.

வெகுநேரம் கழித்து ஆரோக்கியசெல்வி வெளியே வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"அவரால இரும முடியாதுக்கா. ஒரு சொட்டு எச்சி உள்ள எறங்குனாக்கூடத் துப்ப முடியாது. அதுக்குத்தான் வந்த நாள்லருந்து வாயத் தொடச்சுத் தொடச்சு வெச்சுக்கினு இருக்கேன். கொழாயைச் சுத்தி ஒரு சின்ன பலூன் இருக்குது, அது பாதிய நிறுத்தியிருக்கும். மீதி நெஞ்சுக்குப் போயிருக்கும்." மூச்சு வாங்கினாள். "எங்க ஊர்லயும் ஊத்துவாங்க. எங்க தாத்தாவுக்கு நானே பாத்திருக்கேன். ஆனா அவரு சாவக் கெடந்தாரு. உம்புருசன் சாவல. மொத நாளே சொன்னேன்ல உங்கிட்ட?"

அன்று முதல் பரிமளாவுக்கும் கண்ணையனுக்கும் உள்ளே அனுமதி இல்லை. டாக்டர் இனியவன் அதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தாலாவது தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"ஊத்திட்டியாம்மா?" என்றுதான் கண்ணையன் கேட்டார். ஊற்றிவிட்டேன், உறிஞ்சி எடுத்துவிட்டார்கள் என்றாள். "ஒரு சொட்டு எறங்குனா போதும்," என்று சொல்லி, அறையின் பக்கம் திரும்பிக் கும்பிட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பினார். ஆக வேண்டியதைப் பார்க்க வேண்டுமே. சாமியானா வந்து இறங்கியது. சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். துரைக்கண்ணு கொல்லையில் நின்று எடுத்துக்கொண்ட போட்டோவைப் போட்டுக் கண்ணீர் அஞ்சலி பேனர்கூட அடித்தாகிவிட்டது. எல்லோரும் டீ குடித்தார்கள், காத்திருந்தார்கள். போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வேலை வெட்டி உள்ளவர்கள் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார்கள்? ஒவ்வொருவராக நழுவினார்கள். கடைசியில் சாமியானாக்காரர் வந்து, "பேஜாரா போச்சுண்ணா, வேற எடத்துல கேக்கறாங்க, பிரிச்சுக்கட்டுமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாராம்.

இங்கே துரைக்கண்ணுவுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் அனலாக அடித்தது. விஷம் இறங்குகிற நேரத்தில் இது ஏறியது. பரிமளா கண்ணாடிக் கதவுக்கு வெளியே தரையிலேயே கிடந்தாள். கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே எட்டிப் பார்ப்பாள். கட்டிலின் கால்தான் தெரியும். காலனியில் தவழ்கிற பிள்ளைக்குக்கூடத் தெரிகிற சங்கதி என்று நினைத்ததெல்லாம் இங்கே தப்பாகப் போய்விட்டது. பாம்பு கடித்து ஆள் பிழைத்துக்கொண்டிருந்தான், தான்தான் அவனைக் கொன்றுகொண்டிருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. எந்தச் சாமியை வேண்டுவது என்றுகூடத் தெரியவில்லை. சாமியிடம் என்னவென்று சொல்லி வேண்டுவாள்? போகச் சொன்னதும் அவள், போகாதே என்பதும் அவளா?

காய்ச்சல் தணிய ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் ஒரு நாள் காலையில் ஆரோக்கியசெல்வி கதவைத் திறந்துகொண்டு அவளைத் தேடி வந்தாள். சண்டை போட்டதிலிருந்து முகம் கொடுத்துப் பேசாத பெண், சிரித்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, புருவத்தத் தூக்குறாரு! 'அண்ணே, நான் சொல்றது கேட்டா புருவத்தத் தூக்குங்க'ன்னேன். தூக்குனாரு. வெரலும் லேசா அசையுது. மூச்சத் திருப்பிக் கேக்க ஆரம்பிச்சுட்டாருக்கா."

பரிமளா அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"இன்னொண்ணும் கேட்டேன். இத்தினி நாளா நாங்க பேசனதெல்லாம் கேட்டுச்சாண்ணேன்னு. கேட்டுச்சாம். எல்லாமே கேட்டுச்சாம்." நர்ஸ் சந்தோஷத்தில் சொல்லிக்கொண்டே போனாள். பிடித்திருந்த கைகள் சில்லிட்டுப் போனதைக் கவனித்த பிறகுதான் நிறுத்தினாள்.

அதன் பிறகு நல்ல செய்தி ஒவ்வொன்றும் பரிமளாவுக்கு ஒரு பக்கம் இனித்தது, ஒரு பக்கம் பயமாக இருந்தது. மிஷினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள் என்றார்கள். குழாயை எடுத்துவிட்டார்கள் என்றார்கள். வாயைத் திறந்தால் அவன் என்ன சொல்வான்? போயிடுய்யா என்று தான் சொன்ன சொல்லை எந்த முகத்தோடு எதிர்கொள்வது? ஊரில் கண்ணையனுக்கும் செய்தி போனது. வருகிறேன் என்றார். வரவில்லை.

பொது வார்டுக்கு மாற்றிய பிறகுதான் அவனை அருகில் பார்த்தாள். பாதியாகிப் போயிருந்தான். கண் திறந்திருந்தது. அவளைப் பார்த்தான், பேசவில்லை. குழாய் இருந்த தொண்டை புண்ணாக இருக்கும், குரல் வர நாளாகும் என்று சொல்லியிருந்தார்கள். அவள் துணியை நனைத்து அவன் முகத்தைத் துடைத்தாள், காலைப் பிடித்துவிட்டாள். அவள் கைக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. ஆனால் அவன் முகத்தை நேராகப் பார்க்கிற தைரியம் மட்டும் வரவில்லை.

ஒரு நாள் காலையில், அவள் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, கரகரவென்று குரல் வந்தது.

"நானும் செத்துட்டேன்னுதான் நெனைச்சேன்."

அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணன் உள்ள வந்து நின்னு, கண்ண ஒட்டிட்டாங்க, நாடி கட்டிட்டாங்கன்னு பொலம்பிச்சு. அண்ணனுக்குத் தெரியாததான்னு நெனைச்சேன். கண்ணு தொறக்கல, கை வரல. சரி, செத்தா இப்படித்தான் இருக்கும் போல, காது மட்டும் கேக்கும் போலன்னு கெடந்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டான். "நீ ஊத்துன பாரு, அது உள்ள எறங்கி நெஞ்சு எரிஞ்சுது. அப்பதான் தெரிஞ்சுது. செத்தவனுக்கு எங்க எரியப் போவுது?"

பரிமளா வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"போயிடுன்னு நான் சொன்னதும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு." அவன் உதடு கோணிக்கொண்டது. சிரிக்கிறான் என்று புரிய அவளுக்கு நேரம் பிடித்தது. "நீ சொன்னத நான் என்னைக்குடி கேட்டிருக்கேன்?"

எத்தனையோ நாளாக அடைத்து வைத்திருந்தது எல்லாம் பரிமளாவுக்கு அழுகையாகவும் சிரிப்பாகவும் ஒன்றாகப் பொங்கியது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அன்று மத்தியானம் அவன் கட்டிலின் அடியில் துண்டை விரித்துப் படுத்தவள், அடித்துப் போட்டாற்போலத் தூங்கினாள்.

சாயங்காலம் கண்ணையன் வந்தார். வார்டு வாசலிலேயே நின்றார். பரிமளா போய்க் கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வந்தார். ஊரில் பெரிய மனிதர், எந்தச் சாவு வீட்டிலும் கலங்காதவர், தம்பியின் கால்மாட்டில் பிளாஸ்க்கையும் ஆப்பிளையும் கீழே வைக்கத் தோன்றாமல் நின்றார். நர்ஸ் சொன்னது அவர் காதுக்கும் போயிருந்தது. எதைக் கேட்பதற்காக இவ்வளவு நாளும் வராமல் இருந்தாரோ, அதையே கேட்டார்.

"டேய், துர. நான் வந்தது போனது, பேசனது எல்லாம் உனக்குத் தெரிஞ்சுதாடா?"

துரைக்கண்ணு அண்ணனை நிமிர்ந்து பார்த்தான்.

"இல்லண்ணா. ஒண்ணுமே தெரியல. தூங்கிக்கினு இருந்த மாதிரி இருந்துச்சு. நீ வந்தியா இன்னா?"

"நர்சம்மா, காது கேக்கும்னு..."

"அவங்க எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லுவாங்க. எனக்கு ஒண்ணும் கேக்கல."

கண்ணையன் தம்பியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அவரை அமுக்கிக்கொண்டிருந்த பாரம் முழுக்க இறங்கிவிட்டது என்பது அந்த அழுகையிலேயே தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொல்லையில் மிச்சமிருந்த மல்லாட்டையை ஆள் வைத்து ஆய்ந்துவிட்டதைச் சொன்னார், காய் நல்ல திரட்சி என்றார். பேனரைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. இருட்டுவதற்குள் பஸ் பிடிக்க வேண்டும் என்று தம்பியின் தலையைத் தடவிவிட்டுக் கிளம்பினார். போகும்போது நடை நிமிர்ந்திருந்தது.

பரிமளா புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொன்னால் கண் சிமிட்டிக் காட்டிக்கொடுத்துவிடுகிற மனிதன் அவன். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவளிடம் ஒரு பொய்யையும் முழுசாகச் சொல்லி முடித்ததில்லை. இப்போது அண்ணன் முகத்தைப் பார்த்து, இமை அசையாமல், அவர் மனம் நோகக்கூடாதென்று எவ்வளவு சுத்தமாகச் சொல்லிவிட்டான். அந்த அறையில் அசையாமல் கிடந்த நாட்களில் இதையும் கற்றுக்கொண்டு வந்துவிட்டானா?

அப்படியானால் காலையில் தன்னிடம் சொன்னது?

நெஞ்சு எரிந்ததும், செத்தவனுக்கு எங்கே எரியும் என்று தேறியதும், நீ சொன்னதை என்றைக்குக் கேட்டேன் என்று சிரித்ததும் நடந்ததா, தனக்காகச் செய்து வைத்ததா? இருட்டில் கைகால் வராமல் கிடக்கும்போது பெண்டாட்டி வந்து போயிடுய்யா என்றாளே, அப்போது அவன் மனசுக்குள் நிஜமாக என்ன ஓடியிருக்கும்? கேட்டால் அதற்கும் அவளுக்கு ஆறுதலாக ஒரு பதில் வைத்திருப்பான். அதனால் அவள் கேட்கவில்லை.

வார்டில் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார்கள். இனிமேல் வாய் வழியாகக் கொடுக்கலாம், கொஞ்சம் கொஞ்சமாக, உட்காரவைத்துக் கொடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். அவன் கைக்கு இன்னும் பிடிமானம் வரவில்லை. அவனைச் சாய்த்து உட்காரவைத்து, கஞ்சியை ஆற்றி, ஒரு ஸ்பூன் எடுத்து அவன் வாயருகே கொண்டுபோனாள்.

துரைக்கண்ணு ஸ்பூனைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை.

ஒரு நொடிதான். அவனுக்கே தெரிந்திருக்குமோ என்னவோ, அவ்வளவு சின்ன நொடி. பிறகு பெரிதாக வாயைத் திறந்து கஞ்சியை வாங்கிக்கொண்டான். உப்பு போதவில்லை என்றான். பரிமளா அடுத்த ஸ்பூனை எடுத்தாள்.